கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றக் கொடுக்கிறீர்களா? ‘கேசட் பழசுங்க’ என்ற பதிலை நம்பிவிடாதீர்கள்

ஈரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் 1990-களில் எடுத்த கல்யாண விஎச்எஸ் கேசட் மூன்று இருந்தது. மூன்றையும் டிவிடியாக மாற்றித் தர ஒரு கடையில் கொடுத்தார்கள். கேசட்டுக்கு இரண்டு வீதம் ஆறு டிஸ்க், ‘டிவிடி குவாலிட்டி’ என்று பில்லிலேயே எழுதியிருந்தது. ஆறு டிஸ்க்கும் வந்தது. நான்கில் படம் ஒரே கலங்கல். மற்ற இரண்டில் படம் நன்றாக ஓடி, எழுபதாவது நிமிடம் தாண்டியதும் உறைந்து நின்றது. கேட்கப் போனபோது, “உங்க பிளேயர் சரியில்லைங்க, லென்ஸ் மாத்துங்க” என்றார்கள். வேறு இரண்டு பிளேயரில் போட்டும் அதேதான் என்று சொன்னதும், “கேசட் பழசுங்க, இவ்வளவுதான் வரும். வேணும்னா எச்டி ஆக்கித் தரோம், அதுக்குத் தனியா காசு ஆகும்” என்றார்கள்.

அந்த டிஸ்க்குகளைச் சோதித்துப் பார்த்ததில் பிளேயர் மேலும் தப்பில்லை, கேசட் மேலும் தப்பில்லை. கொங்கு நாட்டில் எத்தனையோ வீட்டு அட்டாலியில் இப்படிக் கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அதனால்தான் சோதித்த முறையையும் சேர்த்தே எழுதுகிறோம். கணினியும் டிவிடி டிரைவும் இருந்தால் அரை மணி நேரத்தில் யாரும் பார்த்துவிடலாம்.

முதலில் கண்ணாலேயே கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று. கேசட்டில் சதுரம் வராது. விஎச்எஸ் கேசட் பழசானால் படத்தில் குறுக்கே வெள்ளைக் கீற்று ஓடும், அடியில் ஒரு பட்டை நடுங்கும், சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வழியும், ஹெட் அழுக்கானால் படமே புள்ளி புள்ளியாக இரையும். படம் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாக உடைந்தால் அது டிஜிட்டலாக மாற்றிய பிறகு வந்த கோளாறு. அந்த நான்கு டிஸ்க்கிலும் இணைச்சீர் என்ற சடங்கு நடக்கும் இடத்தில் ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை முகம் ஓரளவு தெரிகிறது. தாலி கட்டியதும் எல்லோரும் அட்சதை தூவுகிறார்கள் பாருங்கள், அந்த நொடியில் மணமக்கள், சீர் நடத்தும் அருமைக்காரர், பின்னால் நிற்கும் சொந்தம் அத்தனை பேர் முகமும் கட்டம் கட்டமாகிவிடுகிறது. அரிசி விழுந்து முடிந்ததும் முகங்கள் திரும்பத் தெளிகின்றன. இப்படி அசைவு கூடும்போது மட்டும் உடைந்து, எந்தப் பிளேயரில் போட்டாலும் அதே இடத்தில் அதே மாதிரி உடைந்தால், காரணம் பிட்ரேட் (ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவு) பற்றாக்குறை. படம் உறைந்து நின்று, தாவி, வேறு இடத்தில் தொடங்கினால் அது டிஸ்க்கைப் படிப்பதில் வரும் கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றை மற்றொன்றாக எண்ணி லென்ஸ் மாற்றிப் பணத்தை விடாதீர்கள்.

இதை உறுதிப்படுத்த டிஸ்க்கைக் கணினியில் போட்டு, உள்ளே இருக்கும் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) கோப்புறையை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். வீட்டிலோ கடையிலோ எழுதிய டிஸ்க்கில் பூட்டு இருக்காது, சாதாரணமாகவே நகலாகும். நகல் எடுத்ததை விஎல்சி (VLC) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ஓட்டுங்கள். நகல் சிக்கலில்லாமல் முடிந்து, ஹார்ட் டிஸ்க்கில் ஓடும்போதும் படம் கலங்கலாக இருந்தால், மாற்றியவர்கள் செய்த வேலையில் குறை. ஹார்ட் டிஸ்க்கில் அருமையாக ஓடி பிளேயரில் மட்டும் திக்கினால் பிளேயரைப் பாருங்கள். நகல் பாதியில் திணறி, பிழை காட்டி நின்றால் டிஸ்க்கோ, எழுதிய விதமோ சரியில்லை. இந்த ஒரு சோதனை பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

நான்கு கலங்கல் டிஸ்க்கும் தடையின்றி நகலாயின. கோப்புறையின் அளவு ஒவ்வொன்றிலும் 1 ஜிபியைச் சற்றே தாண்டியிருந்தது. ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி கொள்ளும் (விண்டோஸ் அதையே 4.37 என்று காட்டும்). விஎல்சியில் கண்ட்ரோல் விசையோடு ஜே தட்டினால் கோடெக் விவரம், அதாவது படத்தை எந்த முறையில், எந்த அளவில் எழுதியிருக்கிறார்கள் என்பது வரும். அதில் படத்தின் அளவு 352 x 288. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறை டிவிடிக்கு முழு அளவு 720 x 576. 352 x 288 என்பது பழைய விசிடியின் அளவு. டிவிடி விதிப்படி இந்த அளவையும் எழுதலாம், பிளேயரும் வாயைத் திறக்காமல் ஓட்டும். அதனால்தான் சாதாரணமாகப் பார்ப்பவருக்கு ஏமாற்று பிடிபடுவதில்லை.

கணினி இல்லாதவர்களும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டிஸ்க்கைக் கவிழ்த்து, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். எழுதிய பகுதி ஒரு நிறத்திலும் எழுதாத பகுதி சற்று வேறு நிறத்திலும் தெரியும், நடுவே வட்டமாக ஒரு கோடு விழுந்திருக்கும். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. அந்த நான்கிலும் எழுதிய வளையம் சுண்டுவிரல் அகலம்தான், 11 மில்லிமீட்டர் சுமார். மீதியெல்லாம் வெற்றிடம். முக்கால் டிஸ்க்கைக் காலியாக விட்டுவிட்டு, ‘கேசட் பழசு’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். ஒரு டிஸ்க்கில் 90 நிமிடப் படம் என்றால் 5,400 நொடி. ஒரு ஜிபியை அதில் பங்கிட்டால் நொடிக்கு ஒன்றரை மெகாபிட் சுற்றி வரும். அதே 90 நிமிடத்துக்கு முழு டிஸ்க்கையும் பயன்படுத்தினால் நொடிக்கு ஆறு மெகாபிட்டுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். விஎச்எஸ் படம்தானே, குறைவான பிட்ரேட் போதும் என்று சிலர் நினைப்பது தவறு. பழைய நாடாவில் இருக்கும் இரைச்சல் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், படத்தைச் சுருக்கி எழுதும் என்கோடர் அதையும் அசைவு என்று எண்ணி பிட்டைச் செலவழிக்கும். சுத்தமான படத்தைவிட நாடாப் படத்துக்குத்தான் பிட் அதிகம் வேண்டும். தூவும் அட்சதையும் மினுக்கும் சீரியல் பல்பும் அதன்மேல் சேர்ந்தால் ஒன்றரை மெகாபிட் எந்த மூலைக்குக் காணும்?

இன்னொரு நட்டமும் உண்டு. பால் முறையில் நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொன்றும் இரண்டு பீல்டாக (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட பாதிப் படங்களாக) பிரிந்து 50 அசைவு நிலைகள். 288 வரியில் பிடித்தால் ஒரு பீல்டு மட்டுமே மிஞ்சும். மணமகள் நடந்து வருவதும் மேளக்காரர் கையும் வெட்டி வெட்டித் தெரிவது அதனால்தான். கேசட் படத்தைக் கணினிக்குள் பிடிக்கும் விலை குறைந்த யுஎஸ்பி கேப்சர் கருவியில் சின்ன அளவை வைத்துவிட்டால் கோப்பு சிறியது, என்கோடு சீக்கிரம் முடியும், ஒரே நாளில் பத்து கேசட் தள்ளலாம். வாடிக்கையாளர் வாழ்நாளில் ஒரு முறை எடுத்த படம் அந்த அவசரத்தில் பாழாகிறது. மனது ஆறவில்லை.

‘எச்டி ஆக்கித் தரோம்’ என்பதை ஏற்காதீர்கள். 352 x 288-இல் தொலைந்த விவரத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது, ஊகித்து இட்டு நிரப்பும். கேசட் கையில் இருக்கும்போது கேசட்டிலிருந்தே மறுபடி பிடிப்பதுதான் ஒரே வழி.

மற்ற இரண்டு டிஸ்க் கதை வேறு. அவற்றில் 4.3 ஜிபி இருந்தது, அளவும் 720 x 576. ஆனால் நகல் எடுக்கும்போது வெளி விளிம்பை நெருங்கியதும் டிரைவ் வேகம் குறைந்து, முனகி, பிழை காட்டியது. மலிவான டிஸ்க்கில் 16 மடங்கு வேகத்தில் எழுதினால் முதலில் கெடுவது இந்த விளிம்புதான், ஏனென்றால் உச்ச வேகம் எட்டுவதே அங்கேதான். போதாக்குறைக்கு மேலே மணமக்கள் போட்டோ போட்ட காகித ஸ்டிக்கர். அது நடுமையம் மாறி ஒட்டியிருந்தால் டிஸ்க் சுழலும்போது ஆடும். பிளேயருக்குள் சூடேறும்போது காகிதம் சுருங்கி டிஸ்க்கை லேசாக வளைக்கவும் செய்யும், விளிம்பில் லேசர் குறி தவறும். அதைப் பிய்க்க முயலாதீர்கள். டிவிடி இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டிச் செய்தது, இழுவையில் ஒட்டு விடலாம். மென்மையான பருத்தித் துணியால் அடிப்பக்கத்தை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, வேறு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள் கொண்டு விட்டுப்போன இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கலாம். முழுதாக வந்துவிட்டால் நல்ல டிஸ்க்கில் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

இனிக் கொடுப்பவர்கள் பில்லில் எழுதி வாங்க வேண்டியவை: 720 x 576, 25 பிரேம், இன்டர்லேஸ் (இரண்டு பீல்டுப் பிரிப்பு) அப்படியே இருக்க வேண்டும், டிஸ்க்குக்கு 90 நிமிடத்துக்கு மேல் கூடாது, பிட்ரேட் 6 மெகாபிட்டுக்குக் குறையக்கூடாது. எட்டுக்கு மேலும் வேண்டாம். டிவிடியில் படத்துக்கான உச்சம் 9.8, அதை ஒட்டிப் போனால் பழைய பிளேயர்கள் எழுதிய டிஸ்க்கில் திக்கும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். டிஸ்க் டிவிடி மைனஸ் ஆர், 16 மடங்கு டிஸ்க்காக இருந்தாலும் 8 மடங்கில் எழுதி, வெரிஃபை செய்து (எழுதியது சரியா என்று படித்துப் பார்த்து), ஃபைனலைஸ் செய்து (எழுத்தை முடித்து மூடி) தர வேண்டும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் வேண்டவே வேண்டாம், ஒளியைக் குறைவாகத் திருப்பும், பழைய பிளேயர் தடுமாறும். காகித ஸ்டிக்கர் கூடாது, பெயரை டிஸ்க் மார்க்கரால் எழுதினால் போதும். டிஸ்க்கோடு சேர்த்து அதே கோப்புகளைப் பென் டிரைவிலும் கேளுங்கள். எழுதும் டிஸ்க்கின் சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஆகாது. சிமெண்டு சீட்டுக் கூரைக்கு அடியில் சித்திரை மாதம் முழுக்க வைத்தால் நல்ல டிஸ்க்கும் கெடும்.

கேசட்டைக் கொடுக்குமுன் இரண்டு வேலை. கேசட் முதுகில் ஓர் ஓரமாக இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பட்டையை உடைத்துவிடுங்கள், அதன்பின் தெரியாமல் யாரும் மேலே பதிவு செய்ய முடியாது. விசிஆர் யாரிடமாவது இருந்தால் ஐந்து நிமிடம் ஓட்டி, டிவி திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ‘கேசட்டே இப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் காட்ட ஆதாரம் அது. டிஸ்க் வந்ததும் முழுப் பணம் கொடுக்குமுன் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தைப் போடுங்கள், பிறகு அட்சதை தூவும் இடத்தைப் போடுங்கள்.

கடைக்காரர் மறுத்தால் பில், கோடெக் விவரத்தின் படம், கோப்புறை அளவு மூன்றையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், கடையில் டிஸ்க் கொடுத்த அன்றைக்கே உங்கள் கேசட் அத்தனையையும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.