கோர்னிஸ் அடித்து ஏழு வருஷம்: ஹட்டன் ஈரத்தில் எது மிஞ்சியது

2018 மார்ச்சில் வீட்டுக்குள் அலங்கார வேலை செய்தேன். ஹோலுக்கும் இரண்டு அறைகளுக்கும் சீலிங்கும் சுவரும் சேரும் ஓரத்தில் கோர்னிஸ் என்கிற ஜிப்சம் அலங்காரப் பட்டை, டீவி வைக்கிற சுவர் முழுக்க பீவீசி பெனல், தரையோரம் சுற்றிவர மரத்தில் 4 அங்குல ஸ்கர்ட்டிங். கூலியோடு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடப் போனது. "வீட்டு விலை தானா ஏறும் சேர்" என்றார் கோர்னிஸ் வேலையை எடுத்தவர். நானும் தலையை ஆட்டினேன்.

விலைக்காக மட்டும் செய்தேன் என்றால் பொய். நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டில். சாணி மெழுகிய தரை அப்படியே சுவரில் கொஞ்சம் ஏறி நிற்கும். ஓரம் என்று தனியாக ஒன்றும் இருந்ததில்லை. அப்பாவுக்குத் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை. சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டு போகும்போது குசினி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பேன். முழங்கால் உயரத்துக்கு மரப்பலகை, படம் மாட்டுவதற்கென்று சுவரில் ஓடும் ஒரு சட்டம், மெழுகு தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற தரை. அந்த ஆசைதான் நாற்பது வயதில் ஜிப்சமாக வந்து ஒட்டிக்கொண்டது.

முதல் இரண்டு வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வருகிற ஆள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இலங்கை மலைநாட்டில் எங்கள் ஹட்டன் பக்கம் 1200 மீற்றருக்கு மேலே. மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை துணி காயாது. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும், மூடினால் உள்ளே இருக்கிற ஆவி குளிர்ந்த சுவரில் வேர்க்கும். மூன்றாவது மழைக்காலத்தில் கோர்னிஸ் மூட்டுகளில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு. அப்புறம் மஞ்சள் கறை. 2021 ஜூனில் ஒரு ராத்திரி, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியச் சட்டி மேல் மூன்றடித் துண்டு ஒன்று விழுந்தது. கள்ளன் என்றே நினைத்துவிட்டோம். லைட்டைப் போட்டு எடுத்துப் பார்த்தால், பின்பக்கம் தேத்தண்ணியில் முக்கிய மாரி பிஸ்கட் போல விரலோடு வருகிறது. கூரைச் சீட்டின் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டும் தண்ணீர் சீலிங் ஓரமாக வழிந்து, ஜிப்சம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. முன்பக்கம் எனாமல் பெயின்ட் அடித்திருந்ததால் குடித்த தண்ணீர் வெளியே போகவும் வழியில்லை.

வேலை எடுத்தவருக்குப் போன் பண்ணினேன். வாறேன் வாறேன் என்றார். வரவில்லை. அடுத்த வருஷம் டொலர் ஏறிய ஏற்றத்தில் சாமான் விலை எங்கேயோ போய்விட்டது, அதைவிட மோசம், அந்தப் பூ டிசைனே கடையில் இல்லை. மூன்றடி உடைந்தால் அறை முழுக்க மாற்ற வேண்டும் என்பதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. இரண்டு அறைகளில் மொத்தமாகக் கழற்றிவிட்டு, ஸ்கர்ட்டிங் செய்த காப்பென்டர் பாஸிடம் சொல்லி வெறும் மர பீடிங், மெல்லிய சட்டம், அடித்தேன். ஹோலில் மட்டும் மிச்சம் இருக்கிறது, துண்டு விழுந்த இடத்தில் புட்டி பூசி.

பெனல் கதை இன்னும் மோசம், ஏனென்றால் அது வெளியே ஒன்றும் காட்டவில்லை. பளபளவென்றே இருந்தது. மகளுக்கு மட்டும் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் தும்மல். பழைய புத்தக வாடை ஒன்று வேறு. 2022 கடைசியில் இரண்டு பட்டையைக் கழற்றினேன். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், தடவினால் உள்ளங்கை கரியாகிறது. அந்தச் சுவர் வெளிப்பக்கம் மண்மேட்டைப் பார்த்து நிற்கிறது, எப்போதும் ஓதம். பெயின்ட் மட்டும் அடித்திருந்தால் முதல் வருஷமே கண்ணில் பட்டிருக்கும், பின்னால் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டியிருப்பேன். நாலு வருஷம் மூடி வைத்து வளர்த்திருக்கிறேன். கழற்றின பெனல் இப்போது கோழிக்கூட்டுக்கு மறைப்பு. அங்கே நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்கர்ட்டிங் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. அதைச் செய்த பாஸ் வயதானவர், மெதுவான கை. கிரண்டிஸ், அதாவது யூக்கலிப்டஸ், பலகையை வாங்கி மூன்று மாதம் அடுக்கிக் காயவைத்தார். எனக்கு எரிச்சல்தான். பிறகு பலகையின் பின்பக்கத்துக்கும் பிரைமர் அடித்தார். "சுவத்துப் பக்கம்தானே பாஸ், யாரு பாக்கப் போறா?" என்றேன். "தண்ணி பாக்கும் சேர்." பலகை தரையில் முட்டாமல் கால் அங்குலம் தூக்கி, ஆணி அடிக்காமல் ஸ்குரூ போட்டார். மொப் போடும் தண்ணீர் ஏறவில்லை, கதிரை இடித்துச் சுவர் பெயரவில்லை, வயர் ஒன்று இழுக்க வேண்டி வந்தபோது கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினோம். பாத்ரூம் பக்கம் மட்டும் இரண்டடி உக்கியது. மாற்ற ஒரு பின்னேரம் போதும். ஆனால் ஒன்று, டைல்ஸ் வெட்டி ஓரத்துக்கு ஒட்டியிருந்தாலும் இதே பிரயோசனம் இதைவிடக் குறைந்த செலவில் கிடைத்திருக்கும். மரம் என் ஆசைக்கு.

என் தங்கச்சி ஊவா மாகாணத்துப் பண்டாரவளையில் இருக்கிறாள். அதே ஆள், அதே கோர்னிஸ், அதே வருஷம். அவள் வீட்டில் ஒரு வெடிப்பு இல்லை. நாங்கள் ஜூன், ஜூலையில் நனைந்து கிடக்கும்போது ஊவாப் பக்கம் வெயிலும் காற்றும். மலைக்கு அந்தப் பக்கம் அந்த மழை போய்ச் சேர்வதில்லை. அவளுக்குப் பெரிய மழை ஒக்டோபரில்தான் தொடங்கும். ஆகவே மலைநாட்டுக்கு இது சரிவராது என்று மொத்தமாகச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துக்குச் சரிவராது.

அப்பாவிடம் கேட்டேன், பங்களாவும் இதே மழையில்தானே நூறு வருஷமாக நிற்கிறது என்று. "அங்க சிம்னி எரியும்டா. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் அந்திக்கு நெருப்பு மூட்டணும், அது என் வேலை. பலகைத் தரைக்குக் கீழ காத்துப் போக ஓட்டை இருக்கும், அதுல எலை அடைச்சுக்காமப் பாத்துக்கிறதும் என் வேலை." இதை எனக்கு 2018இல் கேட்கத் தோன்றவில்லை.

விலை விஷயத்துக்கு வருகிறேன். 2023இல் மகளின் படிப்புக்காக வங்கிக் கடன் கேட்டேன். மதிப்பீட்டாளர் வந்தார். காணி உறுதி, பிளான், காணி எத்தனை பேர்ச்சஸ், வீடு எத்தனை சதுர அடி, வாசல் வரை வாகனம் வருமா என்று பார்த்தார். நுவரெலியா மாவட்டம் என்பதால் மண்சரிவுப் பேச்சு வரும். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் கேட்டார், பின்மேட்டு அணைச்சுவரைச் சுற்றி நடந்தார். ஹோலில் ஒரே ஒரு தரம் அண்ணாந்தார். புட்டி பூசிய இடத்தில் கண் நின்றது. "இங்க ஒழுகுதா?" கோர்னிஸைப் பற்றி அவர் கேட்டது அவ்வளவுதான். அந்த ஒரு லட்சத்தில் அணைச்சுவரை இன்னும் நாலடி நீட்டியிருந்தால் அதை அவர் அளந்து எழுதியிருப்பார்.

விற்கிற நேரம் வீடு பார்க்க வருபவர் மயங்குவாரா? புதுசாக அடித்த ஆறு மாதத்துக்குள் விற்றால் மயங்கலாம். மூன்று மழை கண்ட கோர்னிஸ் அவருக்குப் பேரம் பேசத்தான் உதவும்.

இந்த வருஷம் மகளுக்கு ஓர் அறை இறக்குகிறோம். கோர்னிஸ் கிடையாது, சுவரில் எதுவும் ஒட்டுவதும் கிடையாது. ஸ்கர்ட்டிங்கும் ஜன்னலைச் சுற்றி ஒரு சட்டமும் மட்டும். பலகை அடுப்பங்கரைப் பரணில் காய்கிறது. ஓகஸ்ட் கழியட்டும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார். இந்தத் தரம் நான் அவசரப்படுத்தவில்லை.