எட்டாயிரத்துக்குக் கீழே எதுவும் கேட்காதீர்கள்

பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) தம்பி ஒருவர், "அண்ணே, அந்த ரேஸ் எக்சோஸ எனக்குக் கொடுத்துடுங்களேன், எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். விலைக்கு முன்னால் அதோடு நான் படும் பாட்டைக் கேட்டுக்கொள்ளட்டும். வண்டி யமஹா 125இசட். மாட்டியிருப்பது வெளியே வாங்கிய எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது நடுவில் பருத்துப் பின்னால் குறுகும் புகைக்குழாய். செய்தவர் பெயர் வேண்டாம்.

இங்கே மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட்டில் லிந்தாங் சாலைப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தெரியும் கதை. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இருக்கும்போது முறுக்கினால் வண்டி இருமும், நகராது. நாசி லெமாக் பொட்டலத்தைத் தொங்கவிட்டுப் போகும் பெரியவர்கூடச் சாதாரணக் கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) முந்திவிடுவார். எனக்கு வருகிற எரிச்சல் எல்லாம் இந்த ஒன்றில்தான்.

எஞ்சின்மேல் தப்பில்லை. டூ ஸ்ட்ரோக்கில் எக்சோஸுக்கு வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் வாசல்தான். புதுக் கலவை உள்ளே வரும்போதே அதில் கொஞ்சம் எக்சோஸ் வழியாக ஓடிவிடும். எக்சோஸ் வாசல் திறந்ததும் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் விரியும் இடத்தில் அது தாழ்வழுத்தமாகத் திரும்பி மிச்சப் புகையை உறிஞ்சுகிறது. பின்னால் குறுகும் கூம்பில் முட்டியதும் உயர் அழுத்தமாகத் திரும்பி, தொங்கிக்கொண்டு வருகிறவனைப் பஸ்ஸுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தும் கண்டக்டர் மாதிரி, ஓடிய கலவையை உள்ளே தள்ளுகிறது.

சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். வாசல் சுமார் அரைச் சுற்றுக்குத் திறந்திருக்கிறது என்று வைத்தால், 9,000 சுற்றில் அது 3.3 மில்லி நொடி. அதற்குள் அலை போய்வரக் குழாய் ஒரு வழிக்கு 83 சென்டிமீட்டர் இருந்தால் கணக்குச் சரி. சரி, 5,000-ல்? அரைச் சுற்றுக்கு 6 மில்லி நொடி. அலை அவசரமாக வந்து, உள்ளே வரும் கலவையை மறித்துவிட்டுப் போகிறது. மழையில் குழாய் குளிர்ந்தால் அலையும் மெதுவாகி, வண்டி தூக்கும் இடம் கொஞ்சம் கீழே இறங்கும். கம்பெனி எக்சோஸும் இதே வித்தைதான், ஆனால் அளவாக, ஊருக்கு ஏற்ற மாதிரி.

கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். மோட்டார் சைக்கிள் ஆலையின் பொறியாளர் வால்டர் காடன் இதை வைத்தே 1961-இல் 125 சிசி எஞ்சினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். அதே ஆண்டு அவருடைய ரேஸ் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் அங்கிருந்து தப்பி சுசுகியில் சேர்ந்தார், அடுத்த ஆண்டே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். குழாய் விஷயம் அப்படி ஒரு சொத்து.

நம்ம சொத்தின் லட்சணம் வேறு. சிலிண்டரோடு சேரும் இடத்தில் ஸ்பிரிங் மாட்டும் கொக்கியின் வெல்டிங் போன வாரம் பல்லிளித்துவிட்டது. மூட்டில் கறுப்பு எண்ணெய் வழிந்து கால்சட்டையெல்லாம் கறை. அங்கே கசிந்தால் அலைக்கும் வலு போய்விடும். பட்டறையில் ஒட்டியாயிற்று, எத்தனை நாளோ. அப்புறம் சத்தம். நடுவில் தடித்த வயிறுதான் சைலன்சர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கடைசியில் இருக்கும் சின்ன டப்பாதான். அதற்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு எண்ணெயில் ஊறினால் தகரத்தைத் தட்டும் சத்தம் வரும். பஞ்சு மாற்றிய அன்று மட்டும் பக்கத்து வீட்டு அக்கா சிரித்துப் பேசுவார்.

ஆனால் கோல கங்சார் போகிற வழியில், லாரி ஏதும் இல்லாத நேரத்தில், முள் 8,500 சுற்றைத் தாண்டட்டும். இருமல் போய் ஒரே கீச்சுக்குரல், கை இழுபடும், முன்சக்கரம் லேசாகும். அந்தச் சில வினாடிக்கு நான் எதையும் மன்னிப்பேன்.

தம்பி, ஊருக்குள் ஓட்ட இதை வாங்காதீர்கள், காசுக்குக் கேடு. கம்பெனி எக்சோஸ் ஸ்டோரில் சும்மா கிடக்கிறது, அதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். இது விற்பனைக்கு இல்லை.