கூடமா, தனி செல்லா?

பாலக்கோட்டில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வார்டர் ஒருவர் இருக்கிறார். சேலம் மத்திய சிறையில் வேலை பார்த்தவர். லாக்கப் நேரத்தில், அதாவது கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டும்போது, தலை எண்ணியதை டீ கிளாஸைத் தட்டித் தட்டிக் காட்டுவார்.

கைதிகளைப் பலர் சேர்ந்து படுக்கும் கூடத்தில் வைப்பதா, ஆளுக்கொரு தனி செல்லில் வைப்பதா என்பதுதான் கேள்வி. கூடத்துக்குக் காவல் ஆள் குறைவாகப் போதும். ராத்திரி ஒருவனுக்கு நெஞ்சுவலி என்றால் பக்கத்தில் படுத்தவன் கத்துவான். ஆனால் பீடிக்கட்டுச் சண்டை ஒன்று கூடம் முழுக்கப் பரவிவிடும்.

தனி செல்லில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பேச்சுத்துணையின்றி மனசு கெடும். அதனால்தான் கைதிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் 2015 நெல்சன் மண்டேலா விதிகள் நாளுக்கு 22 மணி நேரத்துக்குக் குறையாத தனிமைச் சிறையை 15 நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்கின்றன.

என்னைக் கேட்டால் ராத்திரிக்குச் செல், பகலுக்குப் பட்டறை. கூடம்தான் என்றால், யார் பக்கத்தில் யார் படுப்பது என்று ஆள் பார்த்துப் பிரிக்க வேண்டும். "அதை லாக்கப்புக்கு முன்னாடியே முடிச்சிடணும் தம்பி" என்பார் அந்த வார்டர்.