நோட்டீஸில் தேதியைப் பார்க்கிற வரி ஆலோசகர்

ஈரோட்டில் பழைய வாட் (ஜி.எஸ்.டி.க்கு முன்பு இருந்த மாநில விற்பனை வரி) கேஸ்களைப் பார்க்கிற ஒரு வரி ஆலோசகரிடம் போன அனுபவம் இது. 2019 பிப்ரவரியில் எங்கள் ஹார்டுவேர் கடைக்கு ஒரே நாளில் இரண்டு நோட்டீஸ், 2011-12க்கு ஒன்று, 2012-13க்கு ஒன்று. எங்களுக்குச் சரக்கு விற்றவர் அந்த விற்பனையைத் தன் ரிட்டர்னில் காட்டவில்லையாம், அதனால் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரி என்று நாங்கள் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், அபராதம் வேறு. ஜி.எஸ்.டி. வந்தே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வாட் கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் இருந்தோம். முதலில் போன இடத்தில் தொகையை மட்டும் பார்த்துவிட்டு "கட்டிட்டு நிம்மதியா இருங்க" என்றார்கள். அப்பா அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

இவர் தொகைப் பக்கமே போகவில்லை. நோட்டீஸ் தேதியைப் பென்சிலால் சுழித்துவிட்டு, "தம்பி, இந்த வருஷங்களுக்குத் தனியா அசெஸ்மென்ட் ஆர்டர் வந்திருக்கா?" என்று கேட்டார், அதாவது அந்த வருஷத்து வரியை முடிவு செய்து அதிகாரி போடும் உத்தரவு. இல்லை என்றதும் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். தமிழ்நாடு வாட் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, தனி ஆர்டர் போடாத வருஷத்துக்கு அடுத்து வரும் அக்டோபர் 31 அன்று அசெஸ்மென்ட் முடிந்ததாகவே கணக்கு. 27ஆம் பிரிவில் அதைத் திரும்பத் திறக்க அந்தத் தேதியிலிருந்து ஆறு வருஷம்தான் அவகாசம். 2011-12க்கு அது 2018 அக்டோபர் 31 அன்றே முடிந்துவிட்டது.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அடுத்துச் சொன்னதில்தான். "2012-13க்கு இந்த அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு, அங்க காலாவதின்னு எழுதினா நிக்காது, பில்லைத் தேடுங்க" என்றார். இரண்டு நாள் பரணில் உட்கார்ந்து பில், லாரி ரசீது, செக் போன பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துக் கொடுத்தோம். முதல் நோட்டீஸைக் கைவிட்டார்கள். இரண்டாவதில் நேரில் விசாரித்து, பில் இருந்த வரைக்கும் ஏற்றுக்கொண்டார்கள், பில் கிடைக்காத கொஞ்சத்துக்கு வரி கட்டினோம், அது நியாயம்தான்.

குறை என்றால், போனை எடுக்கவே மாட்டார். பதிலை ஆங்கிலத்தில் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டுவார், உட்கார்ந்து கேட்டால்தான் தமிழில் வரிவரியாகச் சொல்வார், கட்டாயம் கேளுங்கள். அப்புறம், நோட்டீஸ் வந்த தபால் உறையைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள். எப்போது கைக்கு வந்தது என்று காட்ட அந்த முத்திரையைத்தான் கேட்கிறார், நாங்கள் கிழித்துப் போட்டுவிட்டு அலைந்தோம்.