பதினைந்து வருடமாகக் கூடவே இருக்கும் 'தி மால்டீஸ் ஃபால்கன்'

இந்த நாவலை வாங்கிப் பதினைந்து வருடமாகிறது. இதுவரை நான்கு முறை வாசித்துவிட்டேன். மலிவுப் பதிப்பு என்பதால் மூன்றாவது வாசிப்பிலேயே முதுகு விட்டுப்போய்த் தாள்கள் கையோடு வந்துவிட்டன. ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

எழுதிய டாஷியல் ஹாமெட் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 'பிளாக் மாஸ்க்' பத்திரிகையில் தொடராக வந்து 1930-இல் புத்தகமானது. சான் பிரான்சிஸ்கோ நகரம், கறுப்புப் பருந்துச் சிலை, அதைத் துரத்தும் கும்பல், ஒரு கொலை. முதல் தடவை கதைக்காகவே ஒரே ராத்திரியில் முடித்தேன்.

இரண்டாம் தடவைதான் ஒன்று உறைத்தது. துப்பறிவாளன் ஸ்பேட் என்ன நினைக்கிறான் என்று ஹாமெட் சொல்வதே இல்லை. கூட்டாளி ஆர்ச்சர் சுடப்பட்ட செய்தி நள்ளிரவு தாண்டித் தொலைபேசியில் வருகிறது. ஸ்பேட் எழுந்து சிகரெட் சுற்றுகிறான். புகையிலையை அளந்து தாளில் போடுகிறான், இரு முனைக்கும் சமமாகப் பரப்பி நடுவில் லேசாகப் பள்ளம் விடுகிறான், கட்டைவிரல்களால் உருட்டி, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டுகிறான். துக்கமா, நிம்மதியா? விரல்களை மட்டும் காட்டிவிட்டு ஹாமெட் ஒதுங்கிக்கொள்கிறார். கொலையாளி யாரென்று தெரிந்தபின் வாசித்தால் அந்த நிதானமே பயமாக இருக்கிறது.

அப்புறம் ஃபிளிட்கிராஃப்ட் கதை. முதல் தடவை கடகடவென்று தாண்டிய பக்கங்கள் அவை. டகோமா நகரில் சாப்பிடப் போகும் ஃபிளிட்கிராஃப்ட் என்பவருக்குப் பக்கத்தில், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்திலிருந்து உத்தரம் ஒன்று விழுகிறது. நடைபாதைச் சில்லு தெறித்துக் கன்னத்தில் சின்னக் காயம், அவ்வளவுதான். மனிதர் அப்படியே ஊரைவிட்டுப் போய்விடுகிறார். ஐந்து வருடம் கழித்து ஸ்போகேனில் அகப்படும்போது வேறு பெயர், வேறு மனைவி, ஆனால் பழைய மாதிரியே அமைந்த வாழ்க்கை. ஸ்பேட் இதை விலாவாரியாகச் சொல்ல, கேட்கும் பெண் மேலோட்டமாகப் பாராட்டிவிட்டுத் தன் கவலைக்குத் திரும்பிவிடுகிறாள். நாற்பதைத் தாண்டியபின் நான் அடிக்கடி எடுத்து வாசிப்பது இந்த இரண்டு மூன்று பக்கங்களைத்தான். இந்த நாவலை வைத்து 1941-இல் வந்த ஹம்ஃப்ரி போகார்ட் படத்தில் இது கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. சிலையைத் துரத்துபவர்களில் ஒருவனான, தன்பாலின ஈர்ப்புள்ள ஜோயல் கைரோவைக் காட்டும் விதத்தில் அந்தக் காலத்து ஏளனம் அப்படியே இருக்கிறது; ஒவ்வொரு வாசிப்பிலும் அது கூடுதலாக உறுத்துகிறது.

படத்தைப் பார்க்காதவர்கள் முதலில் நாவலைப் படியுங்கள். வாங்கும்போது தையல் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.