கீயா, நோ-கீயா? எம்எம்ஏ கனவோடு ஜியு-ஜிட்சு தொடங்குவோருக்கு

கீ என்பது ஜியு-ஜிட்சு எனும் தரைப்பிடிச் சண்டைக் கலையின் தடித்த துணி உடை; நோ-கீ என்றால் அது இல்லாமல் பழகுவது. 1993-இல் முதல் யுஎஃப்சியை (எம்எம்ஏ எனும் கலப்புச் சண்டைப் போட்டித் தொடர்) பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி கீ உடையுடன் வென்றார். 2006-இல், கீ இல்லாமல், அமெரிக்க வீரர் மேட் ஹியூஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். பிரேசில்காரர்களின் ரகசியமான ஜியு-ஜிட்சு அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பிடி
கீ: காலர், சட்டைக்கையைப் பிடித்து எதிராளியை நிறுத்தலாம்.
நோ-கீ: வியர்வையில் வழுக்கும், அண்டர்ஹூக் (எதிராளியின் அக்குளுக்குள் கைவிட்டுப் பிடிப்பது), தலைப்பிடிதான் கைகொடுக்கும். எம்எம்ஏ கூண்டிலும் இதே நிலைதான். யுஎஃப்சி வீரர் சார்லஸ் ஒலிவேராவின் ரியர் நேக்கட் சோக்கை (பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி) பாருங்கள்: முழங்கை மடிப்பு தாடைக்கு நேர் கீழே, உள்ளங்கை மறுகையின் புஜத்தில். துணியே தேவையில்லை.

தப்பித்தல்
கீ: உராய்வு அதிகம், உருவிக்கொண்டு ஓட முடியாது, முறையாக விடுபடப் பழகுவீர்கள்.
நோ-கீ: வேகம் காப்பாற்றும், அதனால் பிழைகள் வெளியே தெரியாது.

காயம்
கீ: விரல் மூட்டுகள்.
நோ-கீ: ஹீல் ஹூக் (குதிகாலைப் பிடித்துக் காலை முறுக்கும் பூட்டு). வலி தெரியுமுன் முழங்கால் தசைநார் கிழிந்துவிடலாம். குதிகால் சிக்கியதுமே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள்.

செலவு
கீ: துவைத்தால் உலர நேரமாகும், அதனால் இரண்டு வேண்டும்.
நோ-கீ: ராஷ்கார்டு (உடலோடு ஒட்டும் மேற்சட்டை), ஷார்ட்ஸ் போதும்.

முதல் வருடம் கீ நல்லது. போட்டித் தேதி குறித்தாகிவிட்டால் நோ-கீ மட்டும்; அதுவும் எம்எம்ஏ கையுறையோடு, ஏனென்றால் கையுறைத் தடிமனில் கை தாடைக்கடியில் எளிதில் நுழையாது.