பட்டறையா, பனியன் கம்பெனியா, பெட்டிக்கடையா?

அக்கா மகனுக்கு இப்போது 26 வயது. அறிவுசார் குறைபாடு, அடையாள அட்டையில் 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பான், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வான், மணி பார்க்க மட்டும் தெரியாது. வீடு அவிநாசிப் பக்கம். 18 வயதில் சிறப்புப் பள்ளி முடிந்த அன்று 'இனி இவனுக்கு என்ன வழி' என்று ஆரம்பித்த பேச்சு, எட்டு வருடத்தில் அவனை மூன்று விதமான இடங்களில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டது. அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். நான் இருபது வருடம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். அதனால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் உண்டு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதில் 1 சதவீதம். கால், கண், காது சம்பந்தப்பட்ட குறைபாட்டோடு டிகிரி முடித்த பிள்ளையாக இருந்தால் தேர்வுக்குப் படிக்கட்டும், யாரும் தடுக்க வேண்டாம். பத்தாவது தாண்டாத எங்கள் பையனுக்கு அந்தக் கதவு திறக்காது.

முதலில் போனது சிறப்புப் பள்ளியோடு சேர்ந்த தொழிற்பயிற்சிப் பட்டறைக்கு. காகிதக் கவர், மெழுகுவர்த்தி, பினாயில். வாசலுக்கே வேன் வரும். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை அக்கா நிம்மதியாக இருந்தாள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் கையில் வந்தது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) இல்லை, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இல்லை. நான்கு வருடம் கவர் ஒட்டினான். திருப்பூரில் கவர் ஒட்ட ஆள் தேடும் கம்பெனி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் கேட்டேன். "இன்னும் ஒரு வருசம் பழகட்டுமுங்க, அப்புறம் வெளியில அனுப்பலாம்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

முதலில் பழக்கு, பிறகு வேலைக்கு அனுப்பு என்பது பட்டறையின் கணக்கு. இதற்கு நேர் எதிரான கணக்கு ஒன்று உண்டு: முதலில் நிஜமான வேலையில் சேர், அந்த இடத்திலேயே பக்கத்தில் ஓர் ஆளை வைத்துப் பழக்கு. அமெரிக்காவில் 1980களிலிருந்து இது நடக்கிறது. அங்கே வெர்மான்ட் மாநிலம் 2002ல் தன் கடைசிப் பட்டறையையும் மூடிவிட்டது. தீவிர மனநோய் உள்ளவர்களிடம் நடத்திய 11 ஆய்வுகளை 2008ல் தொகுத்துப் பார்த்தார்கள். நேராக வேலையில் சேர்த்துத் துணை நின்றவர்களில் 61 சதவீதம் பேர் சம்பள வேலை பிடித்தார்கள். மற்ற முறைகளில் போனவர்களில் 23 சதவீதம்தான். அது மனநோய்க்கான கணக்கு, அறிவுசார் குறைபாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் 'பழகின பிறகுதான் வேலை' என்ற நம்பிக்கையை அது நன்றாகவே அசைக்கிறது.

சரி, பனியன் கம்பெனிக்கு வருவோம். தெரிந்த முதலாளி ஒருவர், "பாவம், வரச் சொல்லுங்க" என்றார். பாவம் பார்த்துக் கொடுக்கும் வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்டர் நெருக்கும்போது முதலில் தீர்வது அந்தப் பாவம்தான். எனவே அவனால் முழுதாகச் செய்யக்கூடிய வேலை எது என்று நானே லைனில் நின்று பார்த்தேன். கைமடி, அதாவது டைலருக்குப் பக்கத்தில் நின்று கைவேலை செய்து கொடுப்பது. அதில் டைலரின் வேகத்துக்கு ஓட வேண்டும், அது ஆகாது. பிசிறு வெட்டுவது, பீஸ் மடிப்பது, பாலிபேக்கில் போடுவது ஆகும். எண்ணிக்கை மட்டும் நழுவியது. ஓர் அட்டையின் ஓரத்தில் 12 துணிக் கிளிப்பை மாட்டிக் கொடுத்தேன். ஒரு பீஸ் மடித்தால் ஒரு கிளிப்பை எதிர் ஓரத்துக்கு மாற்ற வேண்டும். எல்லாம் மாறிவிட்டால் ஒரு கட்டு. மூன்று வாரம் கூடவே இருந்தேன். மூன்றாவது வாரம் பத்தடி தள்ளி நின்றேன். இந்த மாதிரிச் சின்ன மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. தனியார் நிறுவனமாக இருந்தாலும் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிட வேண்டும். என் இருபது வருடத்தில் அதைச் சுவரில் ஒட்டி நான் கண்டதில்லை.

சம்பளம் பேசும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக் கொடுக்காதீர்கள். ஒன்று, பீஸ் ரேட் (பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) வேண்டாம், ஷிப்ட் கணக்கு வேண்டும். பீஸ் ரேட்டில் மெதுவாகச் செய்கிறவர் பட்டினி கிடப்பார். சேர்ந்து செய்து கூலியைப் பிரித்துக்கொள்ளும் காண்ட்ராக்ட் டீமில் போட்டால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டு, ஒரு ஷிப்ட் மட்டும்தான். ஒன்றரை ஷிப்ட் போட்டால் இரவு டவுன் பஸ் கிடைக்காது, அடுத்த நாள் உடம்பும் கேட்காது. (அவனுக்கும் துணைக்கு வருகிறவருக்கும் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அது பெரிய உபகாரம்.) அப்புறம் இஎஸ்ஐ. அதில் சேர மற்றவர்களுக்கு மாதச் சம்பள வரம்பு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறட்டும். கையில் கொடுத்த சனிக்கிழமைகளில் 'கைமாத்து' கேட்டவர்கள் எத்தனை பேர் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏழு மாதம் நன்றாகப் போனது. எட்டாவது மாதம் புது சூப்பர்வைசர் வந்தார். கிளிப் அட்டையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு அவனை வேறு டேபிளுக்கு மாற்றினார். நான்கு நாளில் வீட்டில் படுத்துக்கொண்டான். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வேலைவாய்ப்பு முகாம்களில் மேடையில் ஆணை கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள், நல்லதுதான். எட்டாவது மாதம் போய்ப் பார்க்கிற ஆள்தான் இல்லை.

மூன்றாவது வழி, சொந்தக் கடை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் வங்கிக் கடன் வாங்கித் தொழில் தொடங்கினால், மாற்றுத்திறனாளி மொத்தச் செலவில் 5 சதவீதம் சொந்தமாகப் போட்டால் போதும். கிராமத்தில் மானியம் 35 சதவீதம் வரை. படிக்கத் தேனாக இருக்கிறது, வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்தால்தான் தெரியும். நாங்கள் கடன் வாங்காமல் வீட்டு முன்னாலேயே ஒரு பெட்டிக்கடை போட்டோம். ஒரு வருடம் ஓடியது. ஓட்டியது அக்கா. சில்லறை கொடுத்தது அக்கா, சரக்கு எடுத்தது அக்கா. அவன் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தான். அவன் பெயரில் அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்தது என்று சொல்லலாம்.

ஆனால் அதே கடை பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் போய், சக்கர நாற்காலிக்கு வந்தவர். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். அவருக்குப் பட்டறையும் தேவையில்லை, துணைக்கு ஆளும் தேவையில்லை. தேவை, சக்கர நாற்காலி நுழையும் கழிவறையும், மதியம் ஒரு மணி நேரம் படுத்து உடம்பைத் திருப்பிக்கொள்ள இடமும். உட்கார்ந்தே இருந்தால் புண் வந்துவிடும். எந்த கம்பெனி இதைக் கொடுக்கும்? செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ் என்று வீட்டை ஒட்டியே போட்டார். ஒரு நாளைக்கு இரண்டு பஸ் வரும் ஊரில் இருப்பவர்களுக்கும் அதையே சொல்வேன். காது கேளாதவர்கள் கதை வேறு. தையல், செக்கிங், லேத் என்று கைத்தொழில் தெரிந்தவராக இருந்தால் கோயம்புத்தூர் முதலாளிகள் விடமாட்டார்கள். அபாயச் சங்குக்குப் பதில் எரிகிற விளக்கு ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் இரண்டு வருடமாக இன்னொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறான். முந்தையதைவிடச் சின்ன கம்பெனி, முப்பது பேர்தான். சேரும்போதே முதலாளி, சூப்பர்வைசர், பக்கத்து டேபிள் அம்மா மூவரிடமும் கிளிப் அட்டையைக் காட்டிச் சொன்னேன். அந்த அம்மாதான் டீ நேரத்துக்கு அவனைத் தட்டி எழுப்புகிறவர். மாதம் ஒரு தடவை நானும் அந்த வாசல் டீக்கடையில் போய் நின்றுவிட்டு வருகிறேன். தீபாவளி ஆர்டர் வந்துவிட்டது. நேற்று இரவு போனில் கேட்டான்: "ஏனுங் மாமா, எல்லாரும் ஒன்றரை போடறாங்க, நானும் போடட்டுங்களா?" புதன்கிழமை போய்ச் சூப்பர்வைசரிடம் பேச வேண்டும்.